மாராவின் மரணத்தை நகலெடுக்கும்போது

பிரெஞ்சு ஓவியர் டேவிட்டின் 'மாராவின் மரணம்' ஓவியத்தை நகலெடுக்க உட்காருபவர்கள் முகத்துக்கும் தொங்கும் கைக்கும்தான் பயப்படுவார்கள். பெரும்பாலும் வேலை கெடுவது அங்கே இல்லை. மேல் பாதியில், ஒன்றுமே இல்லாத அந்தச் சுவரில்.

1793 ஜூலை 13 அன்று பாரிஸில், குளியல் தொட்டியில் இருந்த புரட்சிக்காலப் பத்திரிகையாளர் மாராவை, அவருக்கு எதிரணியை ஆதரித்த ஷார்லோட் கொர்தே என்ற பெண் கத்தியால் குத்திக் கொன்றார். மறுநாளே தேசிய மன்றத்தில் டேவிட்டிடம் ஓவியம் கேட்டார்கள். நவம்பர் நடுவில் கொடுத்துவிட்டார். நான்கே மாத வேலை. உயரம் 165, அகலம் 128 சென்டிமீட்டர்; இப்போது பிரஸ்ஸல்ஸ் அரச அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நகலைப் பாதி அளவுக்கும் கீழே, அதாவது 82க்கு 64க்கும் கீழே கொண்டுபோக வேண்டாம். மாரா கையில் இருக்கும் கடிதத்தை வாசிக்க முடியாமல் போகும். வாசிக்க முடியாவிட்டால் பாதி ஓவியம் போச்சு: 'நான் பரிதாபமானவள், அதுவே உங்கள் கருணைக்குப் போதும்' என்ற பொருளில் கொர்தே எழுதியதாக அதில் இருக்கிறது. கொர்தே உள்ளே போனதோ எதிரணியினரைக் காட்டிக்கொடுப்பதாகச் சொல்லி. டேவிட் அதைத் தொடவில்லை, கருணையைத்தான் எடுத்துக்கொண்டார்.

சுவருக்கு வருவோம். அசலில் அது ஒரே பூச்சு கிடையாது. மெல்லிய பழுப்பைச் சின்னச் சின்னத் தேய்ப்புகளாகப் போட்டிருக்கிறார். அடியில் இருக்கும் வெளிர் நிறம் இடுக்குகளில் மினுங்கும். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் போகப்போக வெளிச்சம். இதைக் கொண்டுவர ஒரு வழி: முதலில் ஓக்கரும் (மண்மஞ்சள் நிறம்) வெள்ளையும் கலந்து இளம் அடிப்பூச்சு கொடுத்து ஒரு வாரம் காயவிடுங்கள். பிறகு ரா அம்பரை (அடர்பழுப்பு மண் நிறம்) டர்பன்டைனில் கொஞ்சம் இளக்கி, பன்றிமயிர் பிரஷில் தொட்டு, துணியில் துடைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் எல்லாத் திசையிலும் தேய்க்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று, ஒவ்வொன்றும் காய்ந்தபின். அவசரப்பட்டால் அடிப்பூச்சு கலங்கி ஒரே சேறாகிவிடும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் கூடினால் தேய்ப்பு தெரியாமல் வழவழவென்று பரவும். இருட்டு வேண்டுமென்று நேரே கறுப்பைப் போட்டால் சுவர் பள்ளமாகத் தெரியும். மாராவின் தலையில் சுற்றிய துணியின் வெள்ளை ஒட்டவைத்த காகிதம் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். இன்னொன்று, நகல் பாதி அளவு என்றால் பிரஷும் பாதி அகலம். இதை மறந்தவர்களின் சுவர் செங்கல் சுவர்போல் இருக்கும்.

தலைத்துணி, தொட்டியின் விரிப்பு, கடிதத்தாள் மூன்றும் வெவ்வேறு வெள்ளை. இன்று கடையில் கிடைக்கும் டைட்டானியம் வெள்ளை அன்றைய ஈய வெள்ளையைவிடக் குளிர்ச்சியானது, கனமாக மறைப்பது. ஓக்கர் ஒரு துளி சேர்க்காவிட்டால் விரிப்பு ஆஸ்பத்திரி விரிப்பாகிவிடும்.

சிவப்பில் கை அடங்க வேண்டும். வலது காறையெலும்புக்குக் கீழே ஒரு சிறு கீறல், அதிலிருந்து மெல்லிய இழை, தொட்டி நீரில் ஒரு சிவந்த பட்டை, விரிப்பில் கறை, தரையில் கிடக்கும் கத்தி. அவ்வளவுதான். மாராவுக்குக் கடுமையான தோல் நோய் என்று படித்துவிட்டுப் புண்களைச் சேர்ப்பவர்கள் உண்டு. டேவிட் அதை வேண்டுமென்றே விட்டவர். கொலைக்கு முந்தின நாள் மாராவை நேரில் பார்த்தவரும் அவர்தான். நகலெடுப்பவர் அவரைத் திருத்தக் கூடாது.

கடைசியில், தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மரப்பெட்டியின் மேல் எழுத்து. 'மாராவுக்கு, டேவிட்', கீழே 'ஆண்டு இரண்டு', அதாவது புரட்சி நாட்காட்டிக் கணக்கு. பெட்டியின் கீழ் மூலைகளில் 17, 93 என்று பிரித்து எழுதி அழித்த தடம் அசலில் இன்னும் தெரிகிறது. அதை எழுதுவதா விடுவதா என்று குழம்புவார்கள். அழித்ததை அழித்ததாகவே காட்டுவது சரி: எழுதி, காயவிட்டு, மேலே மெல்லிசாக மூடுங்கள். டேவிட்டின் பட்டறையிலிருந்து வந்து லூவரில் இருக்கும் பிரதியில் இந்த வாசகமே வேறு: 'என்னை விலைக்கு வாங்க முடியாததால் கொன்றார்கள்.' எந்தப் பிரதியைப் பார்த்து வரைகிறோம் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

வார்னிஷ் ஆறு மாதம் கழித்து, மேட் வகை. பளபளப்பு வார்னிஷ் அடித்தால் அத்தனை பாடுபட்ட சுவரில் எதிரே இருக்கும் ஜன்னல்தான் தெரியும்.