பலமில்லாத கை முதலில்

பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது பலமில்லாத கையை முதலில் உள்ளே விட வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசியாக வெளியே வர வேண்டும். நல்ல கை எப்படியும் வளைந்து கொடுக்கும், விழுந்துபோன கை கொடுக்காது. பிடித்து இழுத்தால் தோள்மூட்டே இறங்கிவிடும். என் நைனாவின் வலது கையை ஒன்பது நாள் நான் தப்பாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். வார்டில் இருந்த ஒரு சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நிறுத்துங்க. அந்தக் கை சட்டைகிட்ட வராது. சட்டைதான் அதுகிட்ட போகணும்" என்றார். சட்டைக் கையை வளையல் மாதிரி சுருட்டி, அதற்குள் தன் கையை விட்டு, மறுபக்கத்திலிருந்து நைனாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு, துணியை மெதுவாக மேலே ஏற்றினார். நைனா முகம் சுளிக்கவில்லை. ஒன்பது நாளில் முதல் தடவையாக.

எனக்கு இப்போது 42 வயது. லிங்கிச் செட்டித் தெருவில், கப்பலில் வரும் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். அதை விட்டுவிட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகலாமா என்று ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிப்பது என்றால் சும்மா இல்லை. விசாரித்திருக்கிறேன், கணக்குப் போட்டிருக்கிறேன், கொஞ்சம் செய்தும் பார்த்திருக்கிறேன்.

ஆபீஸ் வேலையைப் பற்றி எனக்குக் குறையில்லை. வந்த சரக்குக்குக் கஸ்டம்ஸில் பில் ஆஃப் என்ட்ரி எனும் கணக்குப் பத்திரம் போடுவது, சரக்கை எடுக்கக் கப்பல் கம்பெனியிடம் டெலிவரி ஆர்டர் வாங்குவது, மணலிப் பக்கம் சரக்கு நிலையத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கும்போது கூட நிற்பது. கன்டெய்னர் எண் என்பது 4 எழுத்தும் 7 இலக்கமும். அதில் ஒரு இலக்கம் மாறினாலும் பெட்டி நகராது, நாளுக்கு நாள் வாடகை ஏறும். அதனால் எதையும் இரண்டு தடவை படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 2020 ஜூன் மாதம், நேரில் பார்க்காமல் கம்ப்யூட்டர் வழியாகவே பில்லைச் சரிபார்க்கும் முகமறியா மதிப்பீடு முதலில் சென்னையிலும் பெங்களூரிலும்தான் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பில்லை எந்த ஊர் அதிகாரி பார்க்கிறார் என்றே தெரியாது. கஸ்டம்ஸ் ஹவுஸ் படி ஏறி இறங்கி, ஆட்களைப் பார்த்துப் பேசி முடித்த வேலை திரைக்குள் போய்விட்டது. வியாபாரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் சாயங்காலம் கடற்கரை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, இன்றைக்கு யாருக்கு என்ன செய்தோம் என்று கேட்டுப் பார்த்தால் பதில் வருவதில்லை.

நைனாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது 2022 டிசம்பரில். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவரோடு வார்டில் இருந்த 23 நாளில் நான் முதலில் கற்ற வேலை கஞ்சி ஊற்றுவது. எங்கள் பாட்டி ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கடைசிவரை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்லும். 1782வாக்கில் வந்த பஞ்சத்தில் ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்து, 1938இல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த இடம் அது. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபில் நைனாவுக்குக் கஞ்சி ஊற்றக் கற்றுக்கொண்டபோது பாட்டியின் அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது. தலைமாட்டை நன்றாக உயர்த்த வேண்டும். குழாய் இடம் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும். சிரிஞ்சை அழுத்தித் தள்ளக் கூடாது. தண்டை எடுத்துவிட்டு, வெறும் குழலைத் தூக்கிப் பிடித்தால் கஞ்சி தன் கனத்திலேயே இறங்கும். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அரை மணி நேரமாவது ஆளைப் படுக்க வைக்கக் கூடாது, மீறிப் படுக்க வைத்தால் கஞ்சி ஏறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. இதெல்லாம் அன்பு இருந்தால் தானாக வந்துவிடும் விஷயங்கள் இல்லை. யாரோ ஒருவர் நமக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

இதை எவ்வளவு தாமதமாகப் புரிந்துகொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு ராத்திரி ஆபீஸில் கப்பல் வேலை முடிந்து வந்து படுத்தவன் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. காலையில் பார்த்தால் வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. விரலால் அமுக்கிப் பார்த்தேன். அமுக்கினால் வெளுத்து, விட்டதும் திரும்பச் சிவந்தால் பயமில்லை. அமுக்கியும் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப் புண் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். அது நின்றது. நானும் அப்படியே கட்டிலோரம் கொஞ்ச நேரம் நின்றேன். நல்லவேளை, தோல் உடையவில்லை. அன்றைக்கு ஒரு நோட்டு போட்டேன். மணி, எந்தப் பக்கம் படுத்திருக்கிறார், கஞ்சி எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு, தோலில் ஏதாவது மாற்றம். பெட்டி எண் எழுதும் அதே கட்டம் போட்ட நோட்டு. சிவப்பு மறைய நான்கு நாள் ஆனது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அந்தத் திட்டம் தொடங்கியது 2021 ஆகஸ்டில். எங்கள் வீட்டுக்குப் பிசியோதெரபி செய்பவரும் வந்திருக்கிறார், கொருக்குப்பேட்டையில் நாங்கள் இருக்கும் மூன்றாவது மாடிக்கு, லிஃப்ட் இல்லாத படியில். நர்ஸ் நோட்டை மூடி வைத்துவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "எங்க வேலையிலயும் பாதி இதுதான்" என்றார். மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஐந்து விஷயம் பார்ப்பார்களாம்: சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு தடவை படிக்கிற என் பழக்கத்துக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நைனா 2024 பிப்ரவரியில் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார். முதுகில் ஒரு புண் இல்லாமல் போனார். கழுவிவிட வந்தவர்கள் அதைப் பார்த்துச் சொன்னார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய சான்றிதழாக அதைத்தான் நினைக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை, நான்கு மணிக்கு ஒரு தடவை விழிப்பு வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் விசாரிக்கத் தொடங்கினேன். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். ஜிஎன்எம் எனும் நர்சிங் டிப்ளமா 3 வருடம். ஜிஎன்எம் சேர வயது வரம்பு 35. கிராம நர்ஸ் வேலைக்கான ஏஎன்எம் பெண்களுக்கான படிப்பு. ஆக, முறையான நர்ஸ் ஆகும் கதவு எனக்கு ஏழு வருடத்துக்கு முன்பே மூடிவிட்டது. இது தெரிந்த அன்று எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. ஒரு வேலையைத் தேடிப் போய், வயதால் இல்லை என்று ஆனது எனக்கு அதுதான் முதல் தடவை.

இந்த மனநிலையில் இருப்பவர்களைக் குறிவைத்து நடக்கும் இடங்களும் இருக்கின்றன. 'ஆறே மாதத்தில் ஸ்டாஃப் நர்ஸ்' என்று சுவரில் எழுதியிருந்த ஒரு இடத்துக்குப் போனேன். தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்று கேட்டேன். முதலில் ஃபீஸ் கட்டுங்க சார், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். கவுன்சிலில் பதிவு இல்லாமல் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு ஊசி போடுவது தப்பு, நோயாளிக்கும் ஆபத்து. என்னைப்போல யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்க வேண்டும்.

எனக்குத் திறந்திருக்கும் கதவு வேறு. ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்று ஒரு பயிற்சி இருக்கிறது, சில மாதங்கள்தான். நோயாளியைக் குளிப்பாட்டுவது, புரட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, நாடித்துடிப்பும் பிரஷரும் பார்த்து எழுதுவது, தொற்று பரவாமல் கை கழுவுவது, எந்தக் கழிவு மஞ்சள் பையில், எது சிவப்புப் பையில் என்று பிரித்துப் போடுவது. ஊசி மருந்துப் பக்கம் போகக் கூடாது, அது நர்ஸ் வேலை. கேட்பவர்களுக்கு இது சின்ன வேலையாகத் தெரியும். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் நண்பர், "19 வருஷ அனுபவத்தைக் கடல்ல போட்டுட்டு ஆயா வேலைக்குப் போறியா?" என்று வருத்தப்பட்டார். மலம் அள்ளுவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் முதல் மூன்று நாள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் அது ஒரு தகவல் ஆகிவிட்டது. இறுகியிருந்தால் தண்ணீர் போதவில்லை. தார் மாதிரி கறுத்து இருந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்பட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறாரா இல்லையா என்பதில் ஒரு உயிர் நிற்கலாம். இது எப்படிச் சின்ன வேலையாகும்?

என் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. "ஏங்க, மாமாவ நல்லாப் பாத்துக்கிட்டீங்க. அது உங்க நைனா. யாரோ தெரியாத மனுஷன்னா?"

எனக்கும் தெரியவில்லை. அதனால் செய்து பார்த்தேன். காசிமேட்டில் தெரிந்தவர் ஒருவரின் அப்பா, 40 வருடம் லாஞ்சில் மீன் பிடிக்கப் போனவர், இடது பக்கம் விழுந்து கிடந்தார். பெரிய உடம்பு. மருமகளால் தூக்க முடியவில்லை, அவருக்கோ மருமகள் தொட்டால் கூச்சம். தினமும் காலை ஆறு மணிக்குப் போய்க் குளிப்பாட்டிச் சட்டை மாற்றிவிட்டு ஆபீஸ் போகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். இரண்டு மாதம் போனேன். அவர் இனிமையான ஆள் இல்லை. "இன்னாடா புடிக்கிற, மெதுவா புடி" என்று ஆரம்பித்து, எழுத முடியாத வார்த்தைகளில் முடிப்பார். நைனா மேல் இருந்த பாசத்தில் ஒரு துளிகூட எனக்கு அவர் மேல் வரவில்லை. ஆனாலும் துவட்டும்போது விரலிடுக்கில் ஈரம் நிற்கிறதா என்று பார்த்தேன். குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தேன். ஒரு நாள் கணுக்காலில் புதிதாக ஒரு சிவப்பைக் கண்டுபிடித்தேன். அமுக்கியதும் வெளுத்தது. அன்றைக்கு ஆபீஸ் போகும் வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. ஆறாவது வாரம் சட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனபோது, அவரே தன் வலது கையால் இடது கையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. அன்றைக்கு மனைவியிடம் சொன்னேன், தெரியாத மனுஷனாக இருந்தாலும் செய்ய முடிகிறது என்று. பாசம் இருந்தால் நல்லதுதான். ஆனால் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது வேலைதான்.

இனி பணம். இப்போது என் சம்பளம் 31,000. விசாரித்த இடங்களில் ஆரம்பத்தில் இதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே சொல்கிறார்கள், 12 மணி நேர ஷிஃப்ட்டுக்கு. வீட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி என்றால் அவர்கள் பங்கு போகும். மகள் பதினொன்றாவது படிக்கிறாள். மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள், பண்டிகை மாதங்களில் நல்ல வரும்படி, மற்ற மாதங்களில் இல்லை. நைனா வேலை பார்த்த மில் மூடியபோது அவருக்கு 45 வயது. அப்புறம் 20 வருடம் வாட்ச்மேனாக இருந்தார். அந்த வேலை அவருக்குப் பிடித்ததா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, கேட்கும் நிலையிலும் இல்லை. எனக்கு ஒரு வேலை கையில் இருக்கும்போதே இன்னொன்றை நினைத்துப் பார்க்க முடிகிறது. அந்த வசதியை நைனாதான் ராத்திரி கண்விழித்துச் சம்பாதித்துக் கொடுத்தார். அதை அவசரப்பட்டுக் கெடுக்கக் கூடாது என்பதில் தெளிவாக இருக்கிறேன். மகள் பன்னிரண்டாவது முடிக்கும்வரை ஆபீஸ். அதுவரை விடுமுறை நாட்களில் பயிற்சி தருகிற இடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறேன். இரவு ஷிஃப்ட்டை உடம்பு தாங்குமா என்பது பற்றி எனக்கும் மனைவிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ரத்தத்தோடு பழகும் வேலைக்கு வருகிறவர்கள் மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று டோஸ்: முதலாவது போட்ட ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. போன சனிக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு கிளினிக்கில் முதல் ஊசி போட்டுக்கொண்டேன். எதற்காகப் போடுகிறீர்கள் என்று அங்கே கேட்டார்கள். வேலைக்காக என்றேன். கார்டில் அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை நைனாவின் நோட்டுக்குள் வைத்தேன். மனைவி அதை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.