கடிதக் கம்பியை உருவுவதற்கு முன்

பழைய ஆவணங்களை ஒழுங்கு செய்து காக்கும் ஆவணக்காப்பு படிக்கலாமா, படித்தால் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். ஓராண்டுப் பட்டயப் படிப்பை முடித்து, செய்முறைத் திட்டமாக ஒரு வீட்டுத் தொகுப்பையும் ஒழுங்கு செய்து பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்ட இந்த நேரத்தில் எழுதினால்தான் எல்லாம் ஞாபகத்தில் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

நான் நூலகவியல் படித்தவன், கல்லூரி நூலகத்தில் வேலை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். நூலகத்தில் எங்களுக்குக் கை பழகிய வேலை, ஒரு புத்தகத்தைப் பார்த்தவுடன் அது எதைப் பற்றியது என்று கேட்டு அதற்கான எண்ணைக் கொடுப்பது. நூலகவியல் முன்னோடி ரங்கநாதன் 1933இல், பொருள்வாரியாகப் புத்தகத்துக்கு எண் கொடுக்கும் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டதிலிருந்து சென்னையில் நூலகவியல் படித்த எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம் அது. ஆவணக்காப்பில் முதல் வாரமே அந்தக் கேள்வியைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். இங்கே முதல் கேள்வி, இதை யார் உண்டாக்கினார்கள், என்ன வேலைக்காக உண்டாக்கினார்கள் என்பது. இரண்டாவது, இதற்கு முன்னால் எது இருந்தது, பின்னால் எது இருந்தது என்பது. எதைப் பற்றியது என்பது அப்புறம்தான் வரும், சில சமயம் வராமலே போனாலும் பரவாயில்லை. அச்சுப் புத்தகம் தனியாக நிற்கும், அதன் இன்னொரு படி வேறு ஊரில் இருக்கும். ஒரு கடிதமோ கணக்குச் சீட்டோ தனியாக நிற்காது, பக்கத்தில் இருக்கும் காகிதத்தோடு சேர்ந்துதான் அதற்கு அர்த்தம்.

இதைக் கோட்பாடாக எழுதி வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். முல்லர், ஃபெய்த், ஃப்ரூயின் என்ற மூன்று பேர் 1898இல் நூறு விதிகள் கொண்ட ஒரு கையேடு போட்டார்கள். ஒரு நிறுவனத்தின் ஆவணங்களை இன்னொன்றோடு கலக்காதே, அவர்கள் வைத்திருந்த வரிசையைக் குலைக்காதே என்பதுதான் அதன் அடிப்படை. எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் கொச்சியிலிருந்து வந்த டச்சு ஆவணங்களை இன்றும் தனித் தொகுதியாகவே வைத்திருக்கிறார்கள். 1795இல் ஆங்கிலேயர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு கைமாறியவை அவை. நிலம், மிளகு, கோயில் என்று பொருள்வாரியாகப் பிரித்து ஆங்கிலக் கம்பெனி ஆவணங்களோடு சேர்த்திருந்தால், டச்சு நிர்வாகம் எப்படி யோசித்தது, எந்த அதிகாரி யாருக்குப் பதில் சொன்னார் என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

கோட்பாட்டு வகுப்புகள் எல்லாம் நன்றாகவே போயின. செய்முறைதான் போதாது. மேசை மேல் நாலு காகிதத்தை வைத்து ஒட்டிக் காட்டுவதோடு சரி. அதனால் திட்ட வேலைக்கு நான் நிஜமான ஒரு வீட்டைத் தேடினேன். செட்டிநாட்டில், பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த ஒரு நகரத்தார் குடும்பத்தின் வீடு கிடைத்தது. ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும், விசேஷத்துக்குத் திறப்பார்கள். அந்தப் பக்கத்தில் பல வீடுகளில் பழைய காகிதம் எடைக்குப் போய்விட்டது, உறைகளிலிருந்து தபால்தலையை மட்டும் வெட்டிக்கொண்டு மீதியைக் கழித்துவிடுகிறார்கள். இந்த வீட்டு ஆச்சி அதற்கு விடவில்லை. சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள்: "தம்பி, எதை வேணும்னாலும் பாருங்க. எங்க ஐயா கட்டி வச்ச கட்டை மட்டும் கலைச்சுப் போட்டுறாதீங்க." மூன்று டச்சுக்காரர்கள் சொன்னதை ஆச்சி ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்.

எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அறையைப் படம் வரைய வேண்டும். எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்த மரப்பெட்டி, பெட்டிக்குள் மேலே என்ன, கீழே என்ன. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு தற்காலிக எண் கொடுத்து, அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கயிற்றில் செருக வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் தூரிகையைக் கையில் எடுக்கலாம். சலிப்பான வேலைதான், ஆனால் பிறகு வரும் அத்தனைக்கும் இதுதான் ஆதாரம்.

அந்த வீட்டில் என்னை அதிக நாள் பிடித்து வைத்தது ஒரு கடிதக் கம்பி. பழைய கடைகளில் பார்த்திருப்பீர்கள், அடியில் மரவட்டு, நுனி வளைந்த கம்பி, வந்த கடிதத்தைப் படித்துவிட்டு அதில் குத்தி வைப்பார்கள். ரங்கூன் கடையிலிருந்து அதை நடத்திய மேலாள் எழுதியவை, இடையிடையே கப்பல் சீட்டு விவரம், உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டுக் குறிப்பு, ஒரு பலசரக்குச் சீட்டு. எல்லாம் வந்த நாளின் வரிசையில், புதியது மேலே. கம்பி துருப்பிடித்துக் காகிதத்தை அறுத்துக்கொண்டிருந்தது, ஆகவே எடுத்தே ஆக வேண்டும். எடுப்பதற்கு முன் ஒவ்வொரு தாளின் பின்பக்க மூலையிலும் மெத்தென்ற பென்சிலால் மேலிருந்து கீழாக எண் போட்டேன். பேனா கூடாது, பசை கூடாது, கிளிப் கூடாது.

அதில் ஒரு துண்டுக் கடிதத்தில் தேதியே இல்லை. ஊர் நிலவரம் சரியில்லை, கிட்டங்கிக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறோம், கவலைப்பட வேண்டாம் என்று நாலே வரி (கிட்டங்கி என்றால் கடையும் கிடங்கும் இருக்கும் கட்டடம்). உள்ளடக்கத்தை வைத்துப் பார்த்தால் 1930ஆம் ஆண்டு ரங்கூன் துறைமுகக் கலவரமாக இருக்கலாம், 1938இல் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரமாக இருக்கலாம், 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டபோதாகவும் இருக்கலாம். கம்பியில் அதற்குக் கீழே இருந்த கடிதம் வெகுதானிய வருஷம் ஆடி மாதம், மேலே இருந்தது அதே வருஷம் ஆவணி. வெகுதானிய என்றால் 1938-39. கலவரம் தொடங்கியது 1938 ஜூலைக் கடைசியில், அதாவது ஆடி நடுவில். விஷயம் முடிந்தது. யாராவது நல்லெண்ணத்தோடு இந்தக் கம்பியை உருவி, குடும்ப விஷயம் தனி, வியாபார விஷயம் தனி என்று பிரித்து அழகாக அடுக்கியிருந்தால் அந்த நாலு வரிக்கு வருஷம் கிடைத்திருக்கவே கிடைக்காது. மூல வரிசை என்று வகுப்பில் படித்தது எனக்கு முழுசாகப் புரிந்த இடம் இதுதான்.

இந்த வருஷப் பெயர் விவகாரத்தை ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள், இல்லாமல் தமிழ் ஆவணத்தில் கை வைக்க முடியாது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். துந்துபி என்று போட்டிருந்தால் 1862ஆகவும் இருக்கலாம், 1922ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் இருக்கும் தலையைப் பார்க்க வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1922தான். கணக்கு ஏடுகளில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று வரும். எண்களும் தமிழ் எண்கள்தான், ௲௯௱௨௰௨ என்று எழுதியிருந்தால் 1922. பின்னங்களில் அரைக்கால், மாகாணி, முந்திரி வரை போவார்கள். இதற்கு நல்ல வழி, புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட ஒரு பேரேட்டை எடுத்துக் கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்ப்பது. தப்பாகப் படித்தால் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஓலைகள் வேறு உலகம். அந்த வீட்டில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தங்களும் மொய்க் கணக்குகளும் ஓலையில் இருந்தன. புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் பார்வைக்கு ஒன்று, கால் போட்டிருக்கிறதா ர எழுதியிருக்கிறதா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். படிப்பதற்கு முன் சுத்தம். மெல்லிய தூரிகையால் நீளவாக்கில் தூசி தட்டி, ஓலை விறைத்திருந்தால் எலுமிச்சைப்புல் எண்ணெயைச் சாராயச்சத்தில் (ஆல்கஹாலில்) கலந்து பஞ்சால் லேசாக ஒற்றலாம், எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால் கீறலுக்குள் கரி நின்று எழுத்து எழும்பி வரும். அந்த நொடியை வார்த்தையில் சொல்வது கஷ்டம். வெறும் பழுப்புப் பட்டையாகத் தெரிந்தது, துணியால் ஒருமுறை இழுத்தவுடன் பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், ஊர், கோயில் என்று வரிசையாக எழுந்து வருகிறது. ஆனால் ஒன்று, மையால் எழுதிய ஓலைக்கு இந்த வைத்தியம் செய்யவே கூடாது, எழுத்தாணியால் கீறிய ஓலைக்கு மட்டும்தான். எண்ணெயும் கொஞ்சமாகத்தான், அதிகமானால் ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தூசியையும் இழுக்கும். நூல் கோத்திருந்த துளை, நூலின் நுனியில் ஓலையை வெட்டிச் செருகிய கிளிமூக்கு, மேலும் கீழும் வைத்த மரச்சட்டம் எல்லாமே ஆவணத்தின் பகுதிதான், பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடக் கூடாது.

பூச்சிக்கு அந்துருண்டை போடுவதை விட்டுவிடுங்கள், அது பூச்சியைவிட மனுஷனுக்குத்தான் அதிகக் கெடுதல். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் பொடித்துத் துணிப்பொட்டலமாக வைப்பார்கள், நாங்களும் அப்படியே வைத்தோம். ஏசி பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் ஓட்டி இரவில் நிறுத்தும் ஏசி, ஏசியே இல்லாததைவிட மோசம். ஈரப்பதம் ஏறி இறங்குவதுதான் காகிதத்தையும் ஓலையையும் முறிக்கிறது. முற்றமும் தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உள்ள அந்த வீட்டின் உள்ளறை, நான் பார்த்த சில அலுவலகப் பதிவறைகளைவிட எவ்வளவோ தேவலை. செல்லோடேப் ஒட்டுவது, லேமினேஷன் போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். திரும்ப எடுக்க முடியாத எதையும் ஆவணத்தின் மேல் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

பட்டியல் போடும்போது ஐசாட்-ஜி என்ற பன்னாட்டு விவரிப்பு முறையைப் பின்பற்றினேன். அதில் 26 கூறுகள், ஆனால் ஆறு இருந்தால் போதும்: குறியீட்டு எண், தலைப்பு, உண்டாக்கியவர், காலம், அளவு, எந்த நிலை விவரிப்பு என்பது. முழுத் தொகுப்பு, அதற்குள் வரிசை, அதற்குள் கோப்பு, கடைசியில் தனித்தாள் என்று மேலிருந்து கீழே இறங்க வேண்டும். எனக்கு நேரம் பிடித்தது உண்டாக்கியவர் என்ற கூறுதான். யார் பெயரைப் போடுவது? தாத்தா, மகன், பேரன் என்று ஆள் மாறுகிறார்கள், கடை மாறவில்லை. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து நகரத்தார் வைக்கும் விலாசம் இருக்கிறதே, அதையே உண்டாக்கியவராகப் போட்டேன், ஆட்களை அதற்குக் கீழே தனிக்குறிப்பாக எழுதினேன். கணக்கு எல்லாம் அந்த விலாசத்தின் பெயரில்தான் நடந்திருக்கிறது, அப்படியிருக்க வேறு யார் பெயரைப் போடுவது?

எதைக் கழிப்பது என்பது வகுப்பில் அதிக வாக்குவாதம் நடந்த பாடம். மத்திய அரசு ஆவணம் என்றால் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது, விதியை மீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்று அதில் இருக்கிறது. வீட்டுக் காகிதத்துக்கு அப்படி ஒரு காவலும் கிடையாது. நான் எதையும் கழிக்கவில்லை, பலசரக்குச் சீட்டு உட்பட. எந்தக் காலத்தில் அரிசி என்ன விலை என்று தேடி வருகிறவருக்கு அதுதான் வேண்டும். ஆனால் சில கடிதங்களில் குடும்பச் சண்டை, நோய், கடன் என்று உயிரோடு இருப்பவர்களைத் தொடும் விஷயங்கள் இருந்தன. அவற்றைத் தனி உறையில் இட்டு, ஆச்சி சொல்லும் காலம் வரை திறக்கக் கூடாது என்று பட்டியலிலேயே எழுதினேன். என்ன கொடுத்தார்கள், யார் பார்க்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பேரன் காலத்தில் செல்லாது.

ஸ்கேன் செய்துவிட்டால் போதுமே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. படம் எடுத்தோம், டிஃப் கோப்பாக, வண்ண அட்டையும் அளவுகோலும் ஓரத்தில் வைத்து, மூன்று இடத்தில் பிரதி வைத்து. ஆனால் வரிசை எண்ணும் விவரமும் இல்லாமல் எடுத்த படம், ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் இன்னொரு குப்பைக் கட்டு. ரோஜா முத்தையா என்ற சேகரிப்பாளர் சேர்த்த பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னைக்குக் கொண்டுவந்து நூலகமாக்கியபோது, அட்டவணை போட ஆட்களைப் பழக்கி உட்கார வைத்ததால்தான் இன்று யார் போய்க் கேட்டாலும் ஒரு துண்டறிக்கை வரை எடுத்துக் கொடுக்க முடிகிறது.

கடிதங்களும் ஓலைகளும் முடிந்துவிட்டன. பட்டியலின் ஒரு படி ஆச்சியிடம், ஒன்று எங்கள் துறையில், ஒன்று என்னிடம். மரப்பெட்டியின் அடியில் இருக்கும் பேரேடுகளும் ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்குகளும் இன்னும் பாக்கி. தைமாதம் வீடு திறக்கும்போது வரச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ் எண் படிக்கத் தெரிந்தவர்கள், அல்லது கூட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் பொறுமை இருப்பவர்கள் யாராவது இரண்டு பேர் கூட வந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். பென்சிலும் தூரிகையும் நான் கொண்டு வருகிறேன்.