ஓலைக்குப் பதிலாகக் காகிதம்

எங்கள் அங்கன்வாடியில் பனையோலைக் கைவேலையை நிறுத்திவிட்டுக் காகிதத்துக்கு மாறிய முடிவை நான் இன்றும் மனத்துக்குள் விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு தாய் கேட்ட கேள்விதான் அதற்குக் காரணம். மகளை அழைத்துப்போக வந்தவர், தரையில் கிடந்த ஓலை நறுக்குகளையும் மகள் கையில் பாதி முடைந்திருந்த சிறு பாயையும் பார்த்துவிட்டு, "ஓலை முடையதுக்கா இவளை இங்க அனுப்புதேன் டீச்சர்? அது எங்க வீட்டுலயே கெடக்கே" என்றார். "இது வேலை இல்லம்மா, விளையாட்டு" என்றேன். "ஒங்களுக்கு விளையாட்டு டீச்சர்" என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் என்னால் எளிதாகப் பதில் சொல்லியிருக்க முடியும்.

ஓலையைத் தேர்ந்தெடுத்ததற்கு என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன. எங்கள் பகுதியில் அது காசு கொடுக்காமல் கிடைக்கும். குழந்தை வாயில் வைத்தாலும் சாயமோ பசையோ உள்ளே போகாது. இரண்டு துண்டு ஓலையைக் குறுக்காகக் கோத்து உடைமுள்ளில் செருகினால் காற்றாடி ஆகிவிடும் (முள்ளை மட்டும் நானே செருகித் தருவேன்). பூவரச இலையைச் சுருட்டினால் பீப்பி, நுங்கு தின்றபின் மிஞ்சும் காய்கள் இரண்டைக் குச்சியில் கோத்துக் கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. இவை ஓடவும் ஊதவும் வைப்பவை. ஆனால் ஒரு குழந்தையை ஓரிடத்தில் உட்காரவைத்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பிடிக்கவும், கண்ணும் கையும் ஒன்றையே பின்தொடரவும் பழக்குவதில் பின்னலுக்கு நிகரானது இல்லை என்பது என் அனுபவம். பின்னாளில் பென்சிலைப் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தாம்.

அந்தத் தாயின் கேள்விக்குப் பிறகு ஓலையை எடுத்துவிட்டுப் பழைய நாட்காட்டித் தாள்களை நாடாக்களாக நறுக்கிக் கொடுத்தேன். அவர் மகளுக்கு மட்டும் காகிதம், மற்றவர்களுக்கு ஓலை என்று பிரித்தால் அந்தக் குழந்தைக்கு நானே ஓர் அடையாளத்தை ஒட்டியதாகிவிடும் என்பதால் எல்லோருக்கும் மாற்றினேன். கற்பித்தல் முறையிலும் எனக்குத் துணை இருந்தது. 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் சிறு குழந்தைகளுக்கான நிலையம் தொடங்கிய ஃபிரீட்ரிக் ஃபுரோபெல், மூன்றாண்டுகள் கழித்து அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். அவர் வழி வந்த பள்ளிகளின் கைவேலைகளில் காகித நாடாக்களை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று விட்டுப் பின்னுவதும் ஒன்று. பாய் முடைவதும் அதே மேல், கீழ்க் கணக்குதான். விரலுக்கு வேறுபாடு தெரியப்போவதில்லை என்று எண்ணினேன்.

விரலுக்கு வேறுபாடு தெரிந்தது. நனைத்துப் பதமாக்கிய ஓலையை ஒவ்வொரு வரிசைக்கும் இழுத்து இறுக்கினால்தான் பின்னல் நிற்கும். வீட்டில் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே அந்தக் குழந்தை இதைக் கற்றிருந்தாள். யாரும் சொல்லாமலே காகிதத்தையும் அப்படி இழுத்தாள், கிழிந்தது. மறுபடி எடுத்து, மறுபடி இழுத்தாள். ஓலையைப் பிடிக்கத் தெரியாமல் திணறிய குழந்தைகள் காகிதத்தில் நன்றாகவே முன்னேறினார்கள். அதுவரை பக்கத்தில் இருப்பவர்களின் பாயைத் தானாகவே வாங்கித் திருத்திக் கொடுத்தவள், இப்போது என்னிடம் வந்து அடுத்த நாடாவைக் கேட்பவளாக ஆனாள். அவள் அழவோ முகம் வாடவோ இல்லை; சில நாட்களில் மெல்ல இழுக்கவும் பழகிக்கொண்டாள். குழந்தைகள் பழகிக்கொள்வார்கள் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள அதுவே போதும். ஆனால் வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த ஓர் அறிவு, அறிவாக மதிக்கப்பட்ட ஒரே இடத்தை நான் மூடிவிட்டேனோ என்ற எண்ணமும் போகவில்லை.

அப்படி எண்ணும்போதெல்லாம் அந்தத் தாயின் பக்கம் நின்று பார்க்கிறேன். 1953இல் இராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். குலக்கல்வி என்று பெயர் பெற்று எதிர்க்கப்பட்ட அந்தத் திட்டம் 1954இல் காமராஜர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது. அந்தத் தாய் இதையெல்லாம் நினைத்துப் பேசினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொழிலைக் கற்றுக்கொள்ளப் பள்ளி வேண்டியதில்லை, தொழிலிலிருந்து வெளியேறத்தான் பள்ளி வேண்டும் என்ற அறிவு, அதை அனுபவித்த குடும்பங்களில் தலைமுறைகளாக இருக்கிறது. காய்ந்த ஓலையின் விளிம்பு விரலை அறுக்கும். நாள் முழுக்கக் குனிந்திருந்து முடைந்த பெட்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். பயிற்சி வகுப்புகளில் ஓலைக் கைவேலையை நம் மரபு என்று பாராட்டும்போது நானும் மனமார ஒப்புக்கொண்டுதான் கேட்கிறேன். அந்த அறையில் இருக்கும் எங்களில் யாரும் அதை விற்றுச் சோறு உண்பதில்லை என்பதும் அப்போது எனக்கு உறைக்கிறது.

பெற்றோர் கூடிய ஒருநாள், மகளுக்கு இங்கே என்ன சொல்லித்தர வேண்டும் என்று அவரிடமே கேட்டேன். "எழுத்துப் பழக்குங்க டீச்சர்" என்றார். மூன்று, நான்கு வயதில் எழுத்தை வற்புறுத்தக்கூடாது, விரல் வலுவாகும்வரை களிமண்ணும் பின்னலும் மணி கோப்பதும் போதும் என்பது நான் உறுதியாக நம்பும் ஒன்று. வேறு எந்தத் தாயிடமும் தயங்காமல் அதைச் சொல்லிவிடுவேன். அவரிடம் சொன்னால், உன் பிள்ளைக்கு எழுத்து இப்போது வேண்டாம் என்று ஒரு டீச்சர் சொன்னதாகத்தான் அது அவர் காதில் விழும். அவர் மகளின் விரல்கள் மற்ற பிள்ளைகளைவிட முன்னதாகவே எழுத்துக்குத் தயாராகிவிட்டன என்பது உண்மை. அதை அவருக்கு நம்பிக்கை வரும்படி காட்ட வேண்டுமென்றால், அந்தக் குழந்தை முடைந்த ஓலைப் பாயைத் தவிர என்னிடம் வேறு சான்று இல்லை.