பெருமுரசின் ஊரில்: சாந்தியாகோ பயணம்

கியூபாவின் சாந்தியாகோ நகரிலிருந்து பால்மா சொரியானோ என்ற சிற்றூர் ஏறத்தாழ 45 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குக் கார் ஓட்டுநர் ஒருவர் என்னிடம் கறந்த பணத்தில் மூன்று நாள் தங்கிச் சாப்பிட்டிருக்கலாம். போகவும் வரவும் ஒரே தொகை என்று பேசி ஏற்றிக்கொண்டவர், பாதி வழியில் பெட்ரோல் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அதை இரட்டிப்பாக்கினார். கியூபாவில் எரிபொருளுக்கு மக்கள் படும் பாடு உண்மைதான். ஆனால் அதை வண்டி கிளம்பும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பால்மாவில் இறங்கியதும் கணக்கைத் தீர்த்து அவரை அனுப்பிவிட்டேன்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரெஸ்தெஸ் கிந்தெலான். 1964 நவம்பர் 1 அன்று அந்தச் சிற்றூரில் பிறந்த அவர், கியூபாவின் உள்நாட்டு பேஸ்பால் போட்டிகளில் 487 ஹோம் ரன், அதாவது பெரும்பாலும் வேலியைத் தாண்டிப் பறக்கும் அடி, அடித்தவர். அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் லாசரோ ஹூங்கோ 405, உலகமே புகழ்ந்த ஒமார் லினாரெஸ் 404. அக்காலத்தில் அங்கே மரமட்டையைவிடப் பந்தை வேகமாக விரட்டும் அலுமினிய மட்டையால் ஆடினார்கள், ஆகவே அந்த எண்ணிக்கைக்கு மதிப்பில்லை என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். ஹூங்கோவும் லினாரெஸும் பெரும்பாலும் அதே அலுமினிய மட்டையைத்தான் பிடித்தார்கள். அவர்களைவிட எண்பதுக்கும் மேல் கூடுதலாக அடித்தவரின் தோள்வலிமையை மட்டையின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் 9 ஹோம் ரன் அடித்தார். அவற்றில் ஒன்று 521 அடி தூரம் போனதாகக் கணக்கிடப்பட்டது. 1992இலும் 1996இலும் தங்கம், 2000இல் வெள்ளி என்று மூன்று ஒலிம்பிக் பதக்கங்கள் அவருக்கு உண்டு. இவ்வளவும் செய்தவர் அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. புரட்சிக்குப் பின் கியூபா தொழில்முறை விளையாட்டை ஒழித்துவிட்டது. அமெரிக்காவில் ஆட வேண்டுமென்றால் நாட்டைத் துறந்து ஓட வேண்டியிருந்தது. பலர் ஓடினார்கள். கிந்தெலான் ஓடவில்லை. தன் ஆட்ட வாழ்வின் இறுதிக் காலத்தில், தன்னைப் போலவே பால்மாவில் பிறந்த ஆட்டக்காரர் அந்தோனியோ பச்சேகோவுடன் ஜப்பானுக்குப் போய் ஆடினார்.

பால்மாவிலிருந்து திரும்பும்போது, உள்ளூர் மக்களை ஏற்றிச் செல்லும் லாரியில் ஏறிக்கொண்டேன். நின்றபடியே வந்தேன், முழங்காலுக்குக் கீழே யாருடைய சாக்குமூட்டையோ இடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் கட்டணம் சில்லறைக் காசு. கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் யோசிக்காமல் லாரியில் போங்கள்.

அன்று மதியம் சாந்தியாகோவில் ஒரு வீட்டு உணவகத்தில் சாப்பிட்ட சாப்பாடு, காலையில் பறிகொடுத்த பணத்தை மறக்கடித்தது. மேற்குக் கியூபாவில் சோற்றோடு கறுப்பு பீன்ஸ் சேர்ப்பார்கள். சாந்தியாகோ இருக்கும் கிழக்கே சிவப்பு பீன்ஸ் போட்டுச் சமைக்கும் கொங்ரீ சோறுதான் வழக்கம். பீன்ஸின் சாறு இறங்கிச் சோறே செம்மண் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் வறுத்த பன்றி இறைச்சி, பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் ஊற்றிய மரவள்ளிக்கிழங்கு. கிழங்கு வாயில் வைத்ததும் கரைந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன், தனிக் காசு கேட்கவில்லை.

மாலையில் சாந்தியாகோ அணியின் பேஸ்பால் மைதானமான கியெர்மோன் மொன்காதாவுக்குப் போனேன். ஆட்டம் இல்லாத நாள். காவலிலிருந்த முதியவர் என்னை உள்ளே விட மறுத்துக்கொண்டே இருந்தார். கிந்தெலானின் பெயரைச் சொன்னதும் சங்கிலியைக் கழற்றிவிட்டார். 1989இலும், பிறகு 1999 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகளும் சாந்தியாகோ அணி தேசியப் பட்டம் வென்ற காலத்தைப் பற்றி அவர் பேசியபோது குரல் உயர்ந்துகொண்டே போனது. கிந்தெலானை அவர் பெயர் சொல்லி அழைக்கவே இல்லை. ‘எல் தம்போர் மயோர்’ என்றே சொன்னார். பெருமுரசு என்று பொருள். திருவிழாக் கொட்டுக்குப் பேர்போன அந்த நகரம் தன் வீரனுக்குச் சூட்டிய பட்டம் அது.

பிறகு என் தோளைப் பற்றி இடப்பக்க வேலியை நோக்கித் திருப்பி, “அந்த விளக்குக் கம்பத்தைப் பார், மகனே. பந்து அதைத் தாண்டும்போது நாங்கள் எழுந்திருக்கக்கூட மாட்டோம். மட்டையில் பட்ட ஓசையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்” என்றார். இருட்டும்வரை நாங்கள் இருவரும் அந்தக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.