தருமபுரி, 2021 மே

மே 12, புதன்

கொரோனா ஐ.சி.யூ. பதினொன்றாம் படுக்கைக்காரரின் கீழ்வரிசை முன்பல் ஆடுகிறது. பக்கவாட்டில் மட்டுமல்ல, விரலால் அழுத்தினால் ஈறுக்குள் இறங்கி மேலே வருகிறது. சாயங்காலம் அவரைக் குப்புறப் படுக்க வைக்கப் போகிறார்கள், 16 மணி நேரம். அந்த நேரத்தில் பல் கழன்று விழுந்தால் யார் பார்ப்பது? வென்டிலேட்டருக்காகத் தொண்டை வழியாகப் போட்ட டியூபைச் சுற்றியுள்ள பலூனின் மேலேயே கிடந்து, டியூபை உருவும் நாளில் மூச்சுக்குழலுக்குள் விழும்.

பல்லின் கழுத்தில் சில்க் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, மறுமுனையைக் கன்னத்தில் பிளாஸ்டரால் ஒட்டினேன். கழன்றாலும் நூலோடு தொங்கும். இப்போதைக்கு இதுதான்.

மே 13, வியாழன்

எச்சில் பட்டால் பிளாஸ்டர் நிற்பதில்லை.

மே 14, வெள்ளி

"பல் டாக்டருக்கு இங்கே என்ன வேலை?" கேட்டவர் வயதில் மூத்தவர், அலுப்பில் கேட்டார், அதனால் பதில் சொல்லவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

டியூப் போட்டவருக்கு வாய் மூடாது, மெல்லுவதில்லை, விழுங்குவதில்லை. எச்சில் பாதி வற்றிவிடும், மீதி தேங்கும். ஐ.சி.யூ.வுக்கு வந்த இரண்டொரு நாளிலேயே பல்மேல் படியும் அழுக்கில் வேறு கிருமிகள் குடியேறிவிடுகின்றன, ஆஸ்பத்திரிக் கிருமிகள். அது எச்சிலோடு சேர்ந்து பலூனின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்குகிறது. வென்டிலேட்டரில் 48 மணி நேரம் தாண்டியபிறகு வரும் நிமோனியாவுக்கு இது முக்கியமான வழி. வைரஸ் ஏற்கெனவே கெடுத்து வைத்த நுரையீரல் இன்னொரு நிமோனியாவை எப்படித் தாங்கும்? தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்த்தி வைப்பதும், சிறிய தலை உள்ள பிரஷால் தேய்த்துக்கொண்டே சக்ஷன் வைத்து இழுப்பதும் நுரையீரல் வைத்தியம்தான். அது என் வேலை.

மே 15, சனி

புதிதாக வந்த சிஸ்டருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். பதினொன்றாம் படுக்கைக்காரரின் மேல்பற்களை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு தேய்ச்சாலும் பழுப்பு போகல மேடம், கறை பிடிச்சுக் கிடக்கு." ஈறு முழுக்க ரத்தம். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போகும் உடம்பு.

கையைப் பிடித்து நிறுத்தினேன். அது கறை இல்லை சிஸ்டர், எங்கள் ஊர்த் தண்ணீர். ஃப்ளோரைடு. பல் ஈறுக்குள் உருவாகிற காலத்தில், எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர் எனாமலிலேயே எழுதிவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. இந்த மாவட்டத்தில் எத்தனையோ கிணறும் போர்வெல்லும் அதைத் தாண்டியவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது. அதற்கு முன் பால்பல் விழுந்து முளைத்தவர்களுக்கு இந்த நிறம் ஆயுளுக்கும் உண்டு. பிரஷ் பட வேண்டியது ஈறோரத்தில், மெதுவாக. அந்தப் பழுப்பை விட்டுவிடலாம்.

அந்த சிஸ்டர் நல்ல மனசுக்காரர். "அப்போ வலிக்க வலிக்கத் தேய்ச்சிட்டேனே" என்று நோயாளியின் காதருகே குனிந்து சாரி சொன்னார். அவருக்கு மயக்க மருந்து ஓடுகிறது.

மே 16, ஞாயிறு

அம்மாவோடு வீடியோவில் பேசினேன். பென்னாகரம் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும், எதிரில் நான் மட்டும் இருந்தாலும். "மூடாம சிரிம்மா" என்றேன். "போ கண்ணு" என்றாள்.

நூல் பற்றியே நினைப்பு. ராத்திரி டூட்டிக்குப் போன் செய்து கேட்டேன். இருக்கிறதாம்.

மே 18, செவ்வாய்

எடுத்துவிடலாமா, விடலாமா. எடுத்தால் ரத்தம் நிற்குமா என்ற பயம், விட்டால் விழுந்துவிடும் என்ற பயம். பிளேட்லெட் பரவாயில்லை. ஆக்சிஜன் காலையைவிட நிதானம். ஏரோட்டர் (பல் குடையும் மெஷின்) வேண்டாம், தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், வெறும் ஃபோர்செப்ஸ், பல் பிடுங்கும் இடுக்கி, போதும். வைரஸை அறை முழுக்கத் தெளிக்கிற வேலை இதில் இல்லை. மயக்க மருத்துவரிடம் பேசினேன். நாளைக் காலை ஹெப்பாரின் ஊசியைத் தள்ளிப் போடச் சம்மதித்தார். மகனிடம் போனில் சம்மதம் வாங்கினோம். "பல்லா? பல்லுக்கா கேக்குறீங்க?" என்று இரண்டு முறை கேட்டான் பாவம். போன் வந்தாலே வேறு எதையோ நினைத்துப் பயப்படுகிறார்கள்.

மே 19, புதன்

எடுத்தாயிற்று. பல் வந்தது ஒரு நொடியில். அதற்குப் பிறகுதான் வேலை.

மற்றவர்கள் என்றால் பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவோம். இவர் கடிக்க மாட்டாரே. குழிக்குள் ரத்தத்தை நிறுத்தும் ஜெல்ஃபோம் பஞ்சு வைத்து எட்டு வடிவில் ஒரு தையல் போட்டு, ரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த காஸை வைத்து என் விரலாலேயே அழுத்திப் பிடித்தேன். இருபது நிமிடம் இருக்கும். பிபிஇ-க்குள் வியர்வை முழங்கை வரை ஓடி கிளவுஸில் தேங்கியது. கண்ணாடி மங்கியதால் ரத்தம் நின்றதா என்று எனக்குத் தெரியவில்லை, சிஸ்டர்தான் டார்ச் அடித்துச் சொன்னார். மெல்ல எடுத்தேன். கசிவு இல்லை. மறுபடி பார்த்தேன். இல்லை.

ராத்திரி போன் செய்தேன். இல்லை.

மே 20, வியாழன்

இன்று தூங்கினேன்.

மே 21, வெள்ளி

குணமாகிறவர்கள் வார்டில் இருந்து ஒருவர் என்னைக் கூப்பிட்டார். பாலக்கோட்டுப் பக்கம், தக்காளி விவசாயி. ஆக்சிஜன் எடுத்தாயிற்று, இரண்டு நாளில் வீடு. "மேல்பல்லு நாலும் ஒண்ணா ஆடுது மேடம். புடுங்கி உட்ருங்க, ஊட்டுக்குப் போயி களி திங்கணும்."

வலது மேல்வரிசையில் அடுத்தடுத்து நான்கு பற்கள். ஒன்றில்கூடச் சொத்தை இல்லை, ஈறு நோயும் இல்லை. போன வாரம் வரை ஆடவில்லை என்கிறார். கன்னத்தைத் தொட்டேன், அந்தப் பக்கம் மரத்துப்போயிருக்கிறது. சர்க்கரை உண்டு. பத்து நாள் டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு, போயிருக்கிறது. டார்ச் அடித்து அண்ணத்தைப் பார்த்தேன். நடுக்கோட்டுக்கு வலதுபுறம் சாம்பல் நிறம், ஓரத்தில் கருப்பு.

பிடுங்கவில்லை. இந்தப் பற்களைப் பிடுங்கினால் குழி ஆறாது, நோயும் தெரியாமல் போகும். ஈ.என்.டி. மருத்துவரைக் கையோடு கூட்டிவந்தேன். மூக்குக்குள் கேமரா விட்டார், திசு எடுத்து, பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கும் கே.ஓ.எச். சோதனைக்கு அனுப்பினார்.

அவர் இன்னும் "பல்லு?" என்றுதான் கேட்கிறார்.

மே 22, சனி

பூஞ்சைதான். சேலத்துக்கு ஆம்புலன்ஸ் ஏற்றினோம். கருப்புப் பூஞ்சையை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆக்கியிருக்கிறார்கள். அதற்கான மருந்து ஆம்ஃபோடெரிசின் எங்கேயும் கிடைக்கவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். கிடைக்க வேண்டும். அவருக்குக் கிடைக்க வேண்டும்.

மே 23, ஞாயிறு

ஸ்டீராய்டு போன எல்லாருக்கும் அண்ணம் பார்த்தேன், வார்டு வார்டாக. "சர்க்கரை எவ்வளவு, கன்னம் மரத்திருக்கா, பல் புதிதாக ஆடுதா, ஆ காட்டுங்க." சிலருக்கு எரிச்சல். நாளை முதல் ஊரடங்கு இன்னும் இறுக்கமாம். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டால் இவர்கள் வாயை யார் பார்ப்பார்கள்? வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் சீட்டில் இதை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பல் ஆடினால், முகம் ஒருபக்கம் வலித்தால், மூக்கில் கருப்பாக வந்தால் உடனே வரவும். மூன்று வரிதான்.

மே 25, செவ்வாய்

எழுதிவிட்டார்கள். கையால் எழுதி ஜெராக்ஸ்.

மே 26, புதன்

ஒரு பாட்டியின் பல் செட் காணவில்லை. டியூப் போடும் அவசரத்தில் கழற்றி கிட்னி டிரேயில் வைத்திருக்கிறார்கள், பிறகு குப்பைக்குப் போயிருக்கும். பேத்தி கேட்டுக்கு வெளியே நின்று அழுகிறாள், "ஆயா அது இல்லாம யார் முன்னாடியும் வாய் திறக்காது." ஒரு செட்டுக்கு எத்தனை நாள் கூலி என்று வாங்கித் தருகிறவர்களுக்குத் தெரியும். கோபம் அடங்கவில்லை. மூடியுள்ள டப்பா, உள்ளே தண்ணீர் (காய்ந்தால் கோணிவிடும்), மேலே பெயர், படுக்கை எண். இதைச் செய்ய என்ன செலவு?

க்ளோர்ஹெக்சிடின், வாய்க் கிருமி கொல்லும் மருந்து, பாட்டில் வந்திருக்கிறது, பிரஷ் வரவில்லை. மருந்தைத் தடவினால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்த மருந்து ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு உண்மையில் நன்மையா என்றே 2014-ல் வந்த ஆய்வு சந்தேகம் கிளப்பியது. அழுக்கைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மே 28, வெள்ளி

பதினொன்றாம் படுக்கைக்காரருக்குத் தொண்டையில் துளை போட்டு டியூபை மாற்றிவிட்டார்கள். முதல்முறையாக வாய் காலி. கடைவாய் வரை பிரஷ் போகிறது. நாக்கின் மேல் காய்ந்து ஒட்டியிருந்ததை ஈரத்துணியால் ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். குழி சிவப்பாக, சுத்தமாக ஆறிக்கொண்டு வருகிறது. கண் திறந்து என்னைப் பார்த்தார். யார் என்று தெரிந்திருக்காது.

மே 31, திங்கள்

சேலத்தில் இருந்து தகவல். வலது மேல்தாடையை எடுத்துவிட்டார்கள். கண் தப்பியது.

ஜூன் 1, செவ்வாய்

வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சுவர் இல்லாமல் அவர் எப்படிக் களி தின்பார்? தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். பேசினால் காற்றுதான் வரும், பெயர்கூடப் புரியாது. அண்ணத்துக்குத் தட்டு செய்ய வேண்டும், ஒப்டுரேட்டர், பல் செட் மாதிரிதான், ஓட்டையை அடைக்கிற மேடும் சேர்த்து. காயம் ஆறும்வரை ஒரு தற்காலிகத் தட்டு, பிறகு அளவெடுத்து நிரந்தரமானது. சுருங்கச் சுருங்கத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கல்லூரியில் செயற்கைப் பல் துறையில் இருக்கும் தோழிக்குப் போன் செய்தேன். அளவெடுக்கும்போது மாவு உள்ளே போய் மாட்டிக்கொள்ளாமல் காஸ் அடைக்கும் விதத்தை அரை மணி நேரம் சொன்னாள். எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 3, வியாழன்

ஒன்பதாம் படுக்கைக்குப் புதிய ஆள். மேலே செட், கீழே சொந்தப் பல். டப்பா வைக்கச் சொல்லிவிட்டேன். பாலக்கோட்டுக்காரரின் மனைவி போன் செய்தார், சர்க்கரை இன்னும் 300-க்கு மேலேயே நிற்கிறதாம். சேலம் டாக்டரிடம் கேட்டுவிட்டு நாளை