அடுத்து என்னண்ணே படிக்கலாம்?

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆன தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அடுத்து என்னண்ணே படிக்கலாம், ரியாக்ட்டா, கோ லாங்குவேஜா, இல்ல ஏஐ பக்கம் போயிரலாமா?" எங்கள் மதுரையில் இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் இருப்பவனும் கேட்கிறான், வடபழஞ்சியில் இருப்பவனும் கேட்கிறான், கே.கே.நகர் மாடியில் நாலைந்து பேரோடு நடக்கிற சின்ன கம்பெனிக்காரனும் கேட்கிறான். என் பதில் அவர்களுக்குச் சப்பென்றுதான் இருக்கும். இப்போது பார்க்கிற வேலைக்கு ஒரு படி கீழே இறங்கிப் படி என்பேன்.

ஜாங்கோ, லாராவெல் மாதிரி ஃபிரேம்வொர்க்கில் வெப்சைட் எழுதுகிறவனுக்கு ஒரு படி கீழே என்றால் டேட்டாபேஸ். எங்கள் டீமில் ஒரு லாகின் பக்கம் ஆட்கள் சேரச் சேர மெதுவாகிக்கொண்டே போனது, சர்வரைப் பெரிதாக்கலாம் என்று மீட்டிங் மேல் மீட்டிங். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பொண்ணு அந்தப் பக்கம் டேட்டாபேஸிடம் கேட்கிற கேள்விக்கு, அதாவது குவெரிக்கு, முன்னால் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டு, டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்று ஓடவிட்டுப் பார்த்தது. சீக்வென்ஷியல் ஸ்கேன் என்று வந்தது, அதாவது ஒரு ஆளைத் தேட எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் மொத்த டேபிளையும் துழாவிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் தேடுவதற்கு, புத்தகத்தின் பின்னால் இருப்பது மாதிரி, ஈமெயிலுக்கு இன்டெக்ஸ் இருக்கத்தான் செய்தது. ஆனால் எங்கள் புரோகிராம் கோடு தேடியது லோயர் போட்டுச் சின்ன எழுத்தாக்கிய ஈமெயிலை, வெறும் ஈமெயிலுக்குப் போட்ட இன்டெக்ஸ் அதற்கு உதவாது. லோயர் போட்ட மதிப்புக்கே தனியாக இன்டெக்ஸ் போட வேண்டும், ஒரே வரிதான். ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் சும்மா கிரியேட் இன்டெக்ஸ் கொடுத்தால் அது முடிகிறவரை யாரையும் எழுதவிடாது, கன்கரன்ட்லி என்று சேர்க்கணும் என்பதையும் மேனுவலைப் படித்துவிட்டு அந்தப் பொண்ணே சொன்னது. இப்போது டேட்டாபேஸில் சந்தேகம் என்றால் சீனியர்களும் அந்தப் பொண்ணு சீட்டுக்குத்தான் போகிறார்கள், அப்ரைசலில் பேசுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கோடில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கிற கிட் என்ற டூலும் அப்படித்தான். லினக்ஸ் கர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது, நம் ஆட்களோ ஆட், கமிட், புஷ் மூன்றோடு காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். போன மாதம் ஓடியது இன்று ஓடவில்லை, நடுவில் 1000 கமிட், அதாவது பதிந்த மாற்றங்கள், இருக்கிறது என்றால் கிட் பைசெக்ட் ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்துக்கொண்டே போகும், பத்து முறை சோதித்தால் கெடுத்த கமிட் சிக்கிவிடும். பழைய கோடைத் திட்டுவது டீக்கடை அரசியல் மாதிரி, எல்லாருக்கும் வரும். கிட் பிளேம் போட்டு, அந்த வரி எந்த கமிட்டில் வந்தது, எந்த வேலைக்கான டிக்கெட்டுக்காக வந்தது என்று தேடிப் போகிறவன் ரொம்பக் கம்மி. (சில சமயம் தேடிப் போனால் நம்ம பெயரே வரும், அது தனிக் கதை.)

ஏஐ கோடு எழுதித் தருகிறதே என்பார்கள். தரட்டும், நானும் தினம் வாங்கிக்கொள்கிறேன். அது தருகிற குவெரி லட்சம் வரிசை இருக்கிற டேபிளுக்குத் தாங்குமா என்று பார்க்கவும் இதே அடிப்படைதான் வேண்டும்.

கோர்ஸ் வாங்காதே என்று நான் சொல்லவில்லை. பாதியில் விட்ட கோர்ஸ் நாலு இருக்கும்போது ஐந்தாவதுக்குக் காசு கட்டாதே என்றுதான் சொல்கிறேன். வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியவில்லையா, நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போ.

அப்புறம், மதுரையிலேயே இருப்பதா, சென்னை பெங்களூர் என்று கிளம்புவதா? சம்பளம் அங்கே அதிகம், வாடகையும் அதிகம், அந்தக் கணக்கை அவரவர் போட்டுக்கொள்ளலாம். நான் கேட்பது வேறு: உன் கோடை வரி வரியாக ரிவ்யூ செய்து "இது ஏன் இப்படி?" என்று குடைகிற ஆள் ஒருவராவது உன் டீமில் இருக்கிறாரா? இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இரு, அம்மா சாப்பாடு வேறு கிடைக்கிறது. அப்படி யாருமே இல்லை, போட்டதெல்லாம் அப்படியே அப்ரூவ் ஆகிறது என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் போடு. நோட்டீஸ் பீரியட் எத்தனை மாதம் என்று ஆஃபர் லெட்டரை மட்டும் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்.