35 மில்லிமீட்டர் பாலிப்பும் இரண்டு வழிகளும்

கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியின் அறிக்கையில் 'ஏறுபெருங்குடலில் 35 மி.மீ. தட்டையான பாலிப்' என்றிருந்தது, அதாவது குடலின் உட்சுவரில் வளர்ந்த ஒரு சதைத் திட்டு. பார்த்த மருத்துவர் அப்போதே அதை மூன்று இடங்களில் கிள்ளிப் பயாப்ஸிக்கு அனுப்பியிருந்தார். புற்றுநோய் இல்லை, பின்னாளில் புற்றாக மாறக்கூடிய அடினோமாதான் என்று முடிவு வந்ததும் நிம்மதியடைந்தேன். கிள்ளிய இடம் ஆறும்போது அடியில் தழும்பு விழுந்து, பாலிப்பை அடித்தசையிலிருந்து எழுப்புவது கடினமாகிவிடும் என்பது இரண்டாவது மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

அதை அகற்ற அவர் சொன்ன வழிகள் இரண்டு. ஈஎம்ஆர் முறையில் பாலிப்புக்கு அடியில் நீலச் சாயம் கலந்த திரவத்தைச் செலுத்தி, உப்பிய மேட்டைக் கம்பிச் சுருக்கால் வெட்டி எடுப்பார்கள். 20 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். ஈஎஸ்டி முறையில் சுற்றிலும் கீறி, அடிப்படலத்தைச் சிறு மின்கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, ஒரே துண்டாகப் பெயர்த்தெடுப்பார்கள். மீண்டும் முளைப்பது மிகக் குறைவு. ஆனால் நேரம் அதிகம், குடல் துளைபடும் ஆபத்தும் அதிகம், ஏறுபெருங்குடலின் சுவர் மெல்லியது வேறு.

ஒரே துண்டு என்றதும் என் மனம் ஈஎஸ்டி பக்கமே சாய்ந்தது. "உள்ளே புற்று இருக்குமோ என்ற ஐயம் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன், முழுத் துண்டாகக் கிடைத்தால்தான் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, ஓரம் சுத்தமா என்று உறுதியாகச் சொல்ல முடியும்" என்றவர், படத்தைப் பெரிதாக்கி, நடுவில் பள்ளமில்லை, மேற்பரப்பின் கோலம் எங்கும் கலையவில்லை, அதனால் அந்த ஐயத்துக்கு இடமில்லை என்று காட்டினார். அளவையே நினைத்துப் பயந்துகொண்டிருந்த எனக்கு, மேற்பரப்பைப் பார்த்து முறையைத் தீர்மானிக்கிறார்கள் என்பது புதிய செய்தி.

ஈஎம்ஆர் செய்துகொண்டேன். (முந்தைய நாள் குடல் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்ததுதான் உள்ளதிலேயே பெரும்பாடு.) அரைமயக்கத்தில் திரையைப் பார்த்தபோது நீல மேடு எழும்பியது, கிள்ளிய இடம் மட்டும் தொப்புளைப் போல உள்வாங்கியே நின்றது. நேரம் பிடித்ததெல்லாம் அந்த இடத்துக்குத்தான். மொத்தம் ஏழு துண்டுகள். பிறகு வெட்டிய விளிம்பு முழுவதையும் சுருக்கின் நுனியால் சுட்டு, காயத்தைக் கிளிப்புகளால் மூடினார்கள். விளிம்பைச் சுட்டால் மறுபடி முளைப்பது ஏறக்குறைய 20 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைகிறதாம். இரண்டு வாரம் வரை இரத்தக்கசிவு வரக்கூடும் என்று எச்சரித்திருந்தார்கள். ஐந்தாம் நாள் சிறிது வந்து, தானாக நின்றது.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை. வெளிறிய தழும்பின் ஓரத்தில் ஒரு கிளிப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தழும்பில் எடுத்த பயாப்ஸியில் எதுவும் இல்லை. அடுத்த பரிசோதனை ஓராண்டு கழித்து.